அப்பத்தாவின் நிறம்

அப்பத்தாவின் காரியத்தன்று வாசலில் கண்ணீர் அஞ்சலி ப்ளெக்ஸ் கட்டினார்கள். பக்கத்து வீட்டுச் சிறுமி நிமிர்ந்து பார்த்து, "இது யாரு?" என்று கேட்டாள். ஆலங்குடிப் பக்கம் கடலைக் கொல்லைகளில் ஆயுசு முழுக்க வெயில் குடித்த முகம் அப்பத்தாவுடையது. ப்ளெக்ஸில் இருந்தவளுக்கோ ரோஜா நிறக் கன்னம், சுருக்கமே இல்லாத நெற்றி. ஸ்டுடியோக்காரத் தம்பியிடம் கேட்டேன். "நல்லா இருக்கட்டும்னுதானக்கா கொஞ்சம் கலர் ஏத்துனேன்" என்றார். அவரிடம் வஞ்சகம் இல்லை. அந்த 'நல்லா'தான் என்னைச் சுட்டது.

நம் ஊரில் ஒரு பெண்ணின் முகம் எப்போதெல்லாம் ஸ்டுடியோவுக்குப் போகிறது? சடங்கு ப்ளெக்ஸ், மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் போட்டோ, கல்யாண ஆல்பம், கடைசியில் கண்ணீர் அஞ்சலி. எப்போதும் அவளைக் கேட்காமலே வெளுக்கிறார்கள். முச்சந்தியில் தொங்கும் தன் வெளுத்த முகத்தைப் பார்க்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை, ஊருக்குக் காட்டத் தகுந்தவள் தான் இல்லை என்று அன்றே கற்றுக்கொள்கிறாள்.

"கரெக்‌ஷன் இல்லாம போட்டோவா?" என்பார்கள். மங்கிய வெளிச்சத்தைக் கூட்டுவதும் தூசியைத் துடைப்பதும் தொழில். அதோடு நமக்குச் சண்டையில்லை. தோலைத் திருத்துவது தொழில் அல்ல, தீர்ப்பு. "ஆம்பளைக்கும்தான் செய்யிறோம்" என்பார்கள். செய்யட்டும். ஆனால் நிறம் குறைந்ததென்று அவன் வீட்டில் யாரும் கூடுதல் நகை கேட்பதில்லை.

இந்த அநியாயம் கம்ப்யூட்டரோடு பிறந்ததல்ல. பிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம் பிரிண்ட் போடும் லேப்களுக்கு ஓர் அட்டை அனுப்பியது. 'ஷர்லி அட்டை' என்று பெயர். அதிலிருந்த வெள்ளைக்காரப் பெண்ணின் தோல் சரியாக வந்தால், வண்ணம் சரி. கறுத்த தோலின் நுணுக்கங்களை அந்த பிலிம் சரியாகப் பிடிக்கவில்லை. பின்னாளில் கோடாக் அதைத் திருத்தியதில், சாக்லேட்டும் மரச்சாமானும் படத்தில் சரியாக வரவில்லை என்ற கம்பெனிகளின் புகாருக்கும் பங்குண்டு. 1990இல் போட்டோஷாப் வந்தது. லேப்பில் இருந்த ஓரவஞ்சனை மேசைக்கே வந்துவிட்டது. 2020இல் 'ஃபேர் அண்ட் லவ்லி' க்ரீம்கூடத் தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்பதை எடுத்துவிட்டது. க்ரீம் விற்றவர்களே சொல்லத் தயங்கும் சொல்லை, நாம் 'டச்சப்' என்று காசு கொடுத்து வாங்குகிறோம்.

இதே புதுக்கோட்டையில், 1990களின் தொடக்கத்தில், அறிவொளி இயக்கத்தின்போது பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் பழகினார்கள். வயலில் நின்றவர்கள், குவாரியில் கல் உடைத்தவர்கள். ஊர் கேலி பேசியது; அவர்கள் மிதித்தார்கள். அந்தக் கறுத்த முகங்களை வெளுத்துவிட்டால், அவர்கள் பட்ட வெயிலும் செய்த வேலையும் சேர்ந்தே அழிந்துபோகும்.

ஸ்டுடியோ நண்பர்களே, கேட்டுவிட்டுத் தொடுங்கள். தொடாத படத்தையும் காட்டுங்கள். தோழிகளே, பணம் கட்டுமுன் சொல்லுங்கள்: "வெளிச்சத்தச் சரி பண்ணுங்க, நிறத்தத் தொடாதீங்க." உங்கள் வீட்டுப் பெண்பிள்ளை பக்கத்தில் நிற்கும்போது, அவள் காதில் விழும்படி சொல்லுங்கள்.

தொடாத படத்தை வாங்கி நடுவீட்டில் மாட்டியிருக்கிறோம். அந்தச் சிறுமி வந்தால் இப்போது யாரென்று கேட்பதில்லை. "அப்பத்தா" என்கிறாள்.