பரீட்சைக்கு வராத வைத்தியங்கள்

நமது கொங்கு நாட்டு மக்கள் கொடுக்கல் வாங்கலில் கெட்டிக்காரர்கள் என்பது யாவரும் அறிந்த விஷயமாகும். ஈரோட்டு மண்டியில் மஞ்சள் வாங்குகின்றவன் கிழங்கை ஒடித்து நிறம் பார்க்காமல் விலை பேச மாட்டான். கண்ணபுரம் சந்தையில் காங்கேயம் மாடு பிடிக்கின்றவன் பல்லைப் பார்த்து, நடக்கவிட்டுப் பார்த்து, நாலு பேரை விசாரித்த பிறகுதான் மடியை அவிழ்ப்பான். பஞ்சு வியாபாரியிடம் போய், "எடை போட வேண்டாம், நம்பி வாங்கிக்கொள்" என்று சொன்னால் அவன் நம்மைப் பைத்தியக்காரன் என்பான்.

இவ்வளவு ஜாக்கிரதை உள்ள மனிதன், தன் பெண்டு பிள்ளைகளின் உயிர் சம்பந்தப்பட்ட வைத்திய விஷயத்தில் மாத்திரம் எடையும் இல்லாமல், கணக்கும் இல்லாமல், எவன் எதைச் சொன்னாலும் நம்பிக் கழுத்தை நீட்டுகின்றானே, இதற்கு என்ன காரணம் என்று கேட்கின்றோம்.

உதாரணமாகத் தொக்கம் எடுப்பதை எடுத்துக்கொள்ளுவோம். குழந்தை பால் குடிக்கவில்லை, வாந்தி எடுக்கின்றது, இளைத்துப் போகின்றது என்றால், உடனே "தொக்கம் விழுந்துவிட்டது" என்று சொல்லி, தொக்கம் எடுக்கின்றவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுகின்றார்கள். அவர் குழந்தையின் உடம்பில் ஒரு குழாயை வைத்து உறிஞ்சி, பழைய சோற்றுப் பருக்கையையோ வேறொரு துணுக்கையோ துப்பிக் காட்டுகின்றார். தாய் தகப்பன் கண்ணால் கண்டோம் என்று திருப்தியோடு வீட்டுக்குப் போகின்றார்கள். ஆனால் வயிற்றுக்குள் இருக்கும் பருக்கை, குடலையும் சதையையும் தோலையும் தாண்டி, ஒரு துளி ரத்தமும் இல்லாமல், ஒரு துவாரமும் இல்லாமல் எப்படி வெளியே வந்தது? பல நாள் முன்பு தின்ற சோறு ஜீரணமாகாமல் பருக்கையாகவே எப்படி இருந்தது? உறிஞ்சுகின்றவர் முதலில் வாயைக் கொப்பளித்துத் திறந்து காட்டிவிட்டு உறிஞ்சட்டும் என்று கேட்க ஏன் ஒருவருக்கும் தோன்றவில்லை? இதற்குள் குழந்தைக்கு உண்மையில் பேதியோ, காய்ச்சலோ, நீர் வற்றலோ இருந்தால், அதைக் கவனிக்க வேண்டிய நேரம் வீணாய்ப் போய்விடுகின்றது. மோசம் அங்கேதான் இருக்கின்றது.

"ஆனால் குணமாகிறதே!" என்று சிலர் சொல்லுகின்றார்கள். குணமாவது உண்மைதான். மஞ்சள்காமாலைக்கு மந்திரித்தவர்களில் அநேகர் பிழைக்கின்றார்கள். ஏனென்றால் கெட்ட தண்ணீரால் வருகின்ற மஞ்சள்காமாலை பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே தீர்ந்துவிடக் கூடியது. மந்திரித்தாலும் தீரும், மந்திரிக்காவிட்டாலும் தீரும். நாய்க்கடிக்கு மந்திரித்தவர்களிலும் அநேகர் பிழைக்கின்றார்கள். ஏனென்றால் கடித்த நாய்களெல்லாம் வெறிநாய்கள் அல்ல. வெறி இல்லாத நாய் கடித்தவனுக்கு மந்திரம் பலிக்கின்றது. வெறிநாய் கடித்தவனோ, நோய் வெளிப்பட்ட பிறகு அநேகமாகப் பிழைப்பதே இல்லை. பிழைத்தவன் ஊரெல்லாம் போய்ச் சாட்சி சொல்லுகின்றான். செத்தவன் எந்தச் சாவடிக்கு வந்து சாட்சி சொல்லுவான்?

ஆகவே வைத்தியத்தில் கேட்க வேண்டியது "யாருக்கேனும் குணமாயிற்றா?" என்பது அல்ல. இந்த வைத்தியம் செய்துகொண்டவர்கள் இத்தனை பேர், அவர்களில் பிழைத்தவர்கள் இத்தனை, இறந்தவர்கள் இத்தனை. செய்துகொள்ளாதவர்கள் இத்தனை பேர், அவர்களில் பிழைத்தவர்கள் இத்தனை, இறந்தவர்கள் இத்தனை என்கின்ற இரண்டு பக்கக் கணக்குத்தான் கேட்கப்பட வேண்டும். வரவை மாத்திரம் எழுதிச் செலவை எழுதாத பேரேட்டை எந்தச் செட்டியார் ஒப்புக்கொள்ளுவார்?

நமது கோயமுத்தூருக்கு இது புதிய பாடம் அல்ல. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளேக் என்னும் கொள்ளை நோய் நமது நகரத்தில் பல தடவை புகுந்து வாரிக்கொண்டு போயிற்று. அதற்கு நம்மவர்கள் கண்டுபிடித்த பரிகாரம், மாரியம்மனுக்குப் பிளேக் மாரியம்மன் என்று பெயர் வைத்துக் கோவில் கட்டியதேயாகும். அந்தப் பெயரில் கோயமுத்தூரில் இன்றைக்கும் கோவில்கள் இருக்கின்றன. ஆனால் அதற்கு முன்பே, 1894-ல் எர்சின் என்பவர் ஹாங்காங்கில் அந்த நோயின் கிருமியைக் கண்டுபிடித்திருந்தார். 1898-ல் சிமோன் என்பவர், எலியின் மேலிருக்கும் தெள்ளுப்பூச்சியே அதைப் பரப்புகின்றது என்று கராச்சியில் காட்டினார். 1897-ல் ஹாஃப்கின் என்பவர் பம்பாயில் பிளேக்குக்குத் தடுப்பு மருந்து செய்து, முதலில் தன் உடம்பிலேயே குத்திக்கொண்டார். பிறகு பைகுல்லா சிறைச்சாலையில் சம்மதித்த கைதிகளுக்குப் போட்டு, போட்டுக்கொண்டவர்களில் நோய் கண்டவர் எத்தனை பேர், போட்டுக்கொள்ளாதவர்களில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தார். பூசாரி எண்ணவில்லை, ஹாஃப்கின் எண்ணினார். வித்தியாசம் இவ்வளவுதான்.

இதெல்லாம் படிப்பில்லாத பழைய காலத்துச் சங்கதி என்று யாராவது சொல்லுவார்களானால், அவர்களை நாம் 2021-ம் வருஷத்துக்கு அழைத்துப் போகின்றோம். அந்த வருஷம் மே மாதக் கடைசியில் கொரோனா நோய் கோவை ஜில்லாவைப் பிடித்து ஆட்டி, தினசரி நோய் கண்டவர்கள் தொகையில் சென்னையையும் மிஞ்சிவிட்டது. அதே மே மாதத்தில் இருகூர் காமாட்சிபுரி ஆதீனத்தில் "கொரோனா தேவி" என்று ஒரு சிலை செய்து வைத்து, 48 நாள் பூஜை என்று அறிவித்தார்கள். பிளேக் மாரியம்மனுக்கும் கொரோனா தேவிக்கும் இடையில் நூறு வருஷம் போயிருக்கின்றது. ரயிலும், மின்சாரமும், காலேஜும், ஆகாய விமானமும் வந்திருக்கின்றன. கணக்குக் கேட்கும் புத்தி மாத்திரம் வரவில்லை.

நிற்க, இப்போது சாமியின் பெயரைச் சொல்லாமலே அதே காரியத்தைச் செய்ய ஒரு புதிய வழி ஏற்பட்டிருக்கின்றது. அதற்கு "இயற்கை" என்று பெயர். மருந்தே வேண்டாம், தடுப்பூசி வேண்டாம், ஆஸ்பத்திரி வேண்டாம், உடம்பு தன்னைத் தானே சரிசெய்து கொள்ளும் என்று சொல்லுகின்றார்கள். முன்பு "ஆண்டவன் பார்த்துக்கொள்ளுவான்" என்றார்கள். இப்போது "இயற்கை பார்த்துக்கொள்ளும்" என்கின்றார்கள். இரண்டிலும் நாம் பார்க்கக் கூடாது என்பதுதான் பொருள்.

2018 ஜூலையில் திருப்பூரில் ஒரு பெண், கைப்பேசியில் வந்த படக்காட்சிகளைப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்ததில், குழந்தை பிறந்த பிறகு ரத்தம் நிற்காமல் போக இறந்து போனார். இது நடந்து சில நாள்களுக்குள், ஆகஸ்டு மாதத்தில், கோவையில் வீட்டுப் பிரசவத்துக்கு இலவசப் பயிற்சி என்று விளம்பரம் செய்ததற்காக ஹீலர் பாஸ்கர் என்பவர் கைது செய்யப்பட்டார். 2020 மார்ச்சில் கொரோனாவைப் பற்றிய அவருடைய பேச்சுக்காக மறுபடியும் கைது செய்யப்பட்டார். திருப்பூர் மரணத்துக்கும் அவருக்கும் சம்பந்தம் உண்டு என்று நாம் சொல்ல வரவில்லை. குற்றமா இல்லையா என்பது கோர்ட்டைச் சேர்ந்தது. நமக்கு ஆட்சேபணை, ஒரு மனிதர் மேல் அல்ல, பரீட்சைக்கு வராத ஒரு கொள்கையைப் பிள்ளை பெறப்போகும் பெண்ணின் வயிற்றில் பரீட்சித்துப் பார்ப்பதன் மேல்தான்.

பிரசவத்தில் நடப்பது என்ன என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுவது நல்லது. நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு ஒரு நிமிஷத்துக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கின்றது. குழந்தையும் நஞ்சும் வெளிவந்த பிறகு கர்ப்பப்பை இறுகிச் சுருங்கினால்தான் அந்த ரத்தக் குழாய்களின் வாய் மூடும். அது சுருங்காமல் தளர்ந்து போனால், கட்டிக்கொண்டிருந்த வாய்க்காலின் மடை உடைந்தது போல ரத்தம் கொட்டும். கர்ப்பப்பையைச் சுருங்கச் செய்யும் ஊசியும், ஏற்றுவதற்கு ரத்தமும், கைதேர்ந்தவர்களும் பக்கத்தில் இருந்தால் பெரும்பாலும் பிழைக்கலாம். இல்லாவிட்டால் ஓரிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். யாருக்கு இப்படி நேரும் என்று முன்கூட்டி நிச்சயமாகச் சொல்ல முடியாது. நல்ல திடகாத்திரமான பெண்ணுக்கும் நேரும். கைப்பேசிப் படம் ரத்தம் ஏற்றுமா என்று கேட்கின்றோம்.

"எங்கள் பாட்டி பத்துப் பிள்ளைகளை வீட்டில்தானே பெற்றாள்?" என்று கேட்பார்கள். நன்றாய்ப் பெற்றார்கள். அந்தக் காலத்துக் கணக்கையும் பார்ப்போம். 1946-ல் வெளியான போர் கமிட்டி அறிக்கையின்படி, அன்றைய இந்தியாவில் வருஷத்துக்கு ஏறக்குறைய 2 லட்சம் பெண்கள் பிள்ளைப்பேற்றின் காரணமாக இறந்தார்கள். 1,000 பிரசவத்துக்கு 20 தாய்மார்கள், அதாவது லட்சத்துக்கு 2,000 பேர். 2018-20-ம் வருஷங்களுக்கான சர்க்கார் கணக்கின்படி தமிழ்நாட்டில் இறந்தவர்கள் லட்சத்துக்கு 54 பேர். நாட்டு மக்கள் உண்ணும் உணவும், படிப்பும், சாலையும் இதற்கு உதவி செய்திருக்கின்றன. ஆனால் ஊசியும், ரத்தமும், ஆஸ்பத்திரியும், பயிற்சி பெற்ற நர்சும் இல்லாமல் இது நடந்திருக்காது. பத்துப் பிள்ளை பெற்ற பாட்டியைப் பற்றிப் பேசப் பேரன் இருக்கின்றான். முதல் பிரசவத்திலேயே செத்துப் போனவளுக்கு ஏது பேரன்?

இவ்வளவும் சொல்லுவதால் இங்கிலீஷ் வைத்தியத்துக்கு நாம் காவடி தூக்குவதாக யாரும் நினைக்க வேண்டியதில்லை. அவர்களும் ஒரு காலத்தில் எல்லா நோய்க்கும் ரத்தத்தை வெட்டி வடித்தவர்கள்தான். வியன்னா நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் 1840-களில் இரண்டு பிரசவ விடுதிகள் இருந்தன. மருத்துவச்சிகள் பார்த்த விடுதியில் நூற்றுக்கு 4 தாய்மார்கள் இறந்தார்கள். டாக்டர்களும் மாணவர்களும் பார்த்த விடுதியில் நூற்றுக்கு 10 பேர் இறந்தார்கள். செம்மல்வைஸ் என்னும் டாக்டர் இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, பிணத்தை அறுத்த கையோடு பிரசவம் பார்ப்பதே காரணம் என்று கண்டு, 1847-ல் எல்லோரும் மருந்து நீரில் கை கழுவ வேண்டும் என்று உத்தரவிட்டார். அடுத்த வருஷம் சாவு நூற்றுக்கு 2-க்கும் கீழே இறங்கிற்று. பெரிய டாக்டர்கள் அவரைப் பரிகாசம் செய்தார்கள். ஆனால் கணக்கு ஜெயித்தது. 1957-ல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு என்னும் மாத்திரையைச் சாப்பிட்ட கர்ப்பிணிகளுக்குக் கை கால் குறைந்த குழந்தைகள் ஆயிரக்கணக்கில் பிறந்தன. அதையும் டாக்டர்களே எண்ணிக் கண்டுபிடித்து வெளியிட்டதன் மேல்தான் 1961-ல் அது நிறுத்தப்பட்டது. தன் தப்பைத் தானே எண்ணிப் பார்த்து விட்டுவிடுகின்ற யோக்கியதைக்குத்தான் நாம் மதிப்புக் கொடுக்கின்றோம்.

நாட்டு வைத்தியத்துக்கும் நாம் விரோதிகள் அல்லோம். சர்ப்பகந்தி என்னும் வேரை நம் நாட்டு வைத்தியர்கள் வெகு காலமாய் உபயோகித்து வந்தார்கள். பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் அதை ரத்தக் கொதிப்பு நோயாளிகளுக்குக் கொடுத்து, அளந்து, 1949-ல் பலனை வெளியிட்டவுடன் உலகமே அதை ஏற்றுக்கொண்டது. பழையது என்பதற்காக யாரும் தள்ளவில்லை. பழையது என்பதற்காக மாத்திரம் ஒப்புக்கொள் என்றால்தான் தள்ளுகின்றோம்.

மக்கள் ஏன் ஆஸ்பத்திரியைக் கண்டு ஓடுகின்றார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் தனியார் ஆஸ்பத்திரிப் பிரசவங்களில் நூற்றுக்கு 64 வயிற்றைக் கீறி எடுத்தவை. சர்க்கார் ஆஸ்பத்திரியில் அது 36. இவ்வளவு பேருக்கும் கத்தி அவசியந்தானா என்று கேட்பது நியாயமான கேள்வியே ஆகும். அதைக் கேட்கத்தான் வேண்டும், சர்க்காரைக் கொண்டு கணக்குக் காட்டச் செய்யவும் வேண்டும். ஆனால் கடைக்காரன் எடையில் மோசம் செய்தால் தராசைச் சோதிக்க வேண்டுமே அல்லாமல், தராசைக் குப்பையில் எறிந்துவிட்டுக் கண்மதிப்பில் வாங்கலாமா?

மந்திர மருந்து விளம்பரங்களைத் தடுக்க 1954-லேயே இந்திய சர்க்கார் ஒரு சட்டம் செய்து, 54 வியாதிகளின் பெயரையும் அதில் எழுதி வைத்திருக்கின்றது. அப்படி இருந்தும் பஸ் நிலையச் சுவர் முதல் கைப்பேசி வரை விளம்பரத்துக்குக் குறைவில்லை. சட்டம் ஏட்டில் இருக்கின்றது. ஏமாறுகின்ற மனம் வீட்டில் இருக்கின்றது. ஆதலால் நாம் முதலில் திருத்த வேண்டியது நம்மையேயாகும்.

தோழர்களே! இனி யார் எந்த வைத்தியத்தைச் சொன்னாலும் நாலு கேள்வி கேளுங்கள். எத்தனை பேருக்குச் செய்தீர்கள்? எத்தனை பேர் இறந்தார்கள்? செய்யாதவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தது யார்? பலிக்காவிட்டால் பொறுப்பாளி யார்? பதில் சொல்லக் கோபப்படுகின்றவரிடம் உங்கள் பிள்ளையைக் கொடுக்காதீர்கள். நாய் கடித்தால் உடனே சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிஷம் புண்ணைக் கழுவி, அன்றைக்கே சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசியை ஆரம்பித்து, தவணை தவறாமல் முடியுங்கள். இந்த ஊசிக்காகக் கசௌலிக்குப் போக வேண்டியிருந்த காலம் மாறி, 1907-லேயே நமக்குப் பக்கத்துக் குன்னூரில் ஸ்தாபனம் ஏற்பட்டுவிட்டது. பிள்ளை பெறப்போகும் பெண்ணை ஆஸ்பத்திரியில் பதிவு செய்யுங்கள். அவசரமானால் 108-க்குச் சொல்லுங்கள். வீட்டில் கிழவர்களோ, கணவனோ, கூட்டத்தில் பேசினவரோ தடுத்தால், அந்தப் பெண்ணையே கேளுங்கள். உயிர் அவளுடையது, ஆதலால் தீர்ப்பும் அவளுடையதாகவே இருக்க வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்லுகின்றோம்.