விருந்தாளியாகப் போகிறோம்!

பெரும்பாக்கத்துக்கு ஆண்டுதோறும் வெளிநாட்டு விருந்தாளிகள் வருகிறார்கள்.

அவர்களுக்குப் பாஸ்போர்ட் கிடையாது. விசா கிடையாது. பெட்டி, படுக்கையும் கிடையாது!

யார் அவர்கள்?

பறவைகள்!

மழைக்காலம் வந்ததும் ஊசிவால் வாத்துகள் சைபீரியா, மத்திய ஆசியா போன்ற குளிர் நாடுகளில் இருந்து கிளம்புகின்றன. பல ஆயிரம் மைல் பறந்து வந்து, பெரும்பாக்கம் ஏரியிலும் அடுத்துள்ள பள்ளிக்கரணை சதுப்பு நிலத்திலும் இறங்குகின்றன. வெயில் ஏறத் தொடங்கியதும் ஊர் திரும்பிவிடுகின்றன. வந்த இடத்தில் ஒரு குப்பை கிடையாது.

அந்தப் பறவைகளைப் பார்க்க மனிதர்களும் வருகிறார்கள். அவர்கள் போன பிறகு கரையைப் பார்க்க வேண்டுமே! தண்ணீர் பாட்டில், சிப்ஸ் பாக்கெட், சாப்பாட்டுப் பொட்டலம்! பறவைகள் கூட்டமாகப் பறந்தால் படம் அழகாக இருக்கும் என்று கல்லை விட்டு எறிகிறவர்களும் உண்டு.

கரையில் குடியிருப்பவர்களுக்குக் கோபம் வருகிறது. எங்கிருந்தோ வந்து எங்கள் ஏரியைக் கெடுக்கிறார்களே என்கிறார்கள்.

நியாயமான கோபம்தான். 2022-ம் ஆண்டில் பள்ளிக்கரணை சதுப்பு நிலம், உலக முக்கியத்துவம் வாய்ந்த "ராம்சார்" தலங்களின் பட்டியலில் சேர்ந்தது. சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்குப் பட்டாசுகூட வெடிப்பதில்லை. வீட்டுக்காரர் அவ்வளவு பொறுத்துக்கொள்ளும்போது, வந்தவர் கல் எறியலாமா?

இந்தக் கோபத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்றால், இப்போது நாமும் ஆகாய விமானம் ஏறுகிறோம். சீட்டுப் பணத்தை எடுத்தாவது பிள்ளைகளைச் சிங்கப்பூர், தாய்லாந்து, இலங்கை என்று அழைத்துப் போகிறோம். தாராளமாகப் போகலாம். ஆனால், அந்த ஊர்க்காரர் நம்மைப் பார்த்து அதே வார்த்தையைச் சொல்லக்கூடாது அல்லவா?

படம் பிடித்ததால் தண்டனை!

2012-ம் ஆண்டு. இலங்கைக்குப் பிரான்சு நாட்டில் இருந்து மூன்று பேர் உல்லாசப் பயணம் வந்தார்கள். இரண்டு பெண்கள், ஓர் ஆண். புத்தர் சிலைக்கு முத்தம் கொடுப்பதுபோல் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

காலி நகரில் ஒரு ஸ்டூடியோவில் அந்தப் படங்களைப் பிரிண்ட் போடக் கொடுத்தார்கள். படத்தைப் பார்த்த கடைக்காரர் திடுக்கிட்டார். போலீசுக்குத் தகவல் போனது. மூன்று பேருக்கும் ஆறு மாதத் தண்டனை! நல்ல வேளையாக அதை நீதிமன்றம் நிறுத்தி வைத்தது.

அவர்கள் விளையாட்டாகத்தான் செய்தார்கள். நம் வீட்டுப் பூஜை அறையில் ஒருவர் இப்படி விளையாடினால், விளையாட்டு என்று விட்டுவிடுவோமா?

அவர்கள் வெள்ளைக்காரர்கள், நம்மவர்கள் அப்படிச் செய்ய மாட்டார்கள் என்று நினைக்காதீர்கள். பூட்டான் நாட்டில் டோச்சுலா கணவாயில், போரில் இறந்த வீரர்களுக்காக 108 ஸ்தூபிகள் கட்டி வைத்திருக்கிறார்கள். 2019-ல் அங்கே ஒரு ஸ்தூபியின் மேல் ஏறி நின்று போஸ் கொடுத்தவர் நம் இந்தியர்தான். பிறகு மன்னிப்புக் கேட்டு எழுதிக் கொடுத்தார்.

தமிழ் பேசும் ஊர்தானே?

யாழ்ப்பாணத்துக்குச் சென்னையில் இருந்தே விமானம் போகிறது. அங்கே பேசுவதும் தமிழ், கும்பிடுவதும் முருகனை. அதனால் சொந்த ஊர்போல நடந்துகொள்ளலாம் என்று தோன்றும்.

அங்கேதான் அதிக கவனம் வேண்டும் என்பது நம் கருத்து.

நல்லூர் கந்தசுவாமி கோவிலுக்குள் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். உள்ளே படம் எடுக்கக்கூடாது. எவ்வளவு பெரிய மனிதர் என்றாலும் இதுதான் வழக்கம்.

யாழ்ப்பாண நூலகம் 1981-ல் எரிக்கப்பட்டது. ஏறக்குறைய 97 ஆயிரம் புத்தகங்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. இன்று மறுபடியும் எழுந்து நிற்கும் அந்தக் கட்டிடத்தில் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கிறார்கள். அங்கே கூட்டமாக நுழைந்து, சத்தம் போட்டுப் பேசி, செல்பி எடுக்கலாமா? வெளியே நின்று கும்பிட்டுவிட்டு வந்தால்கூடப் போதும்.

போரில் பிள்ளையை இழந்த தாய்மார் இருக்கும் ஊர் அது. ஆட்டோக்காரரிடமும் கடைக்காரரிடமும், "சண்டையில் உங்கள் வீட்டில் யார் செத்தார்கள்?" என்று கேட்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் காது கொடுத்துக் கேளுங்கள்.

பூட்டிய கடற்கரை

"காசு கொடுத்துத்தானே வந்திருக்கிறேன்?" என்பார் சிலர். காசு கொடுத்தவர்கள் சேர்ந்து என்ன செய்தார்கள் தெரியுமா?

தாய்லாந்தில் மாயா விரிகுடா என்று ஒரு சிறிய கடற்கரை. 2000-ம் ஆண்டில் ஓர் ஆங்கிலப் படத்தில் அதைப் பார்த்து உலகமே மயங்கியது. ஒரே நாளில் 5 ஆயிரம் பேர்கூட வந்தார்கள். படகுகள் நங்கூரம் பாய்ச்சின. பவளப்பாறைகள் நொறுங்கின. சுறா மீன்கள் ஓடிவிட்டன.

2018 ஜூன் மாதம் அரசாங்கம் கடற்கரையையே மூடிவிட்டது! மூன்றரை ஆண்டு கழித்து, 2022 ஜனவரியில்தான் திறந்தார்கள். சுறாக்கள் திரும்பிவிட்டன. இப்போது படகு விரிகுடாவுக்குள் வரக்கூடாது. தீவின் பின்பக்கம்தான் நிற்க வேண்டும். ஆட்களுக்கும் கணக்கு உண்டு. உடம்பில் தடவும் வெயில் களிம்பிலும் கட்டுப்பாடு வந்துவிட்டது. பவளத்துக்குக் கேடு செய்யும் மருந்து கலந்த களிம்பைத் தாய்லாந்தின் கடல் பூங்காக்களில் 2021-ல் தடை செய்துவிட்டார்கள்.

தண்ணீர் விஷயம் ஒன்று. 2019 கோடையில் தண்ணீர் லாரிக்காகக் குடத்தோடு நின்றவர்கள் நாம். பாலித் தீவில் வயலுக்குப் போக வேண்டிய தண்ணீரை ஓட்டல்கள் குடித்துவிடுகின்றன என்று அந்த ஊர் விவசாயிகள் குறைப்படுகிறார்கள். ஓட்டல் குளியல் தொட்டியை நிரப்பும்போது அந்த லாரியை நினைத்துக்கொண்டால், குழாயைத் திருகும் கை தானாக நிற்கும்.

பெட்டியில் எதை வைப்பது?

கடற்கரையில் அழகான பவளத்துண்டு கிடக்கும். பிள்ளை கையில் எடுக்கும். ஊருக்குக் கொண்டு போகலாம் என்று அடம் பிடிக்கும்.

பவளம் கல் அல்ல, உயிரினம். நம் நாட்டில் 1972-ம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி, புலிக்கு உள்ள பாதுகாப்பு பவளத்துக்கும் உண்டு. விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்தால் தொல்லைதான். எடுத்த இடத்திலேயே வைக்கச் சொல்லுங்கள்.

அந்த இடத்தில் யாழ்ப்பாணச் சந்தையில் இருந்து ஒரு பனங்கட்டிக் குட்டான் வாங்கி வையுங்கள். பனை ஓலையில் பொதிந்து தருவார்கள். அங்கே பனை ஏறுகிறவருக்கு நாலு காசு கிடைக்கும். இங்கே அடுத்த வீட்டுக்காரருக்கும் ஒரு துண்டு கொடுக்கலாம்.