க்ளூ கன் மட்டும் போதுமா?



கண்காட்சி என்று சொன்னாலே இப்போது எல்லார் கையிலும் க்ளூ கன்தான். "ஒரு நிமிஷத்துல ஒட்டிக்கிடும்டா!" என்கிறார்கள். உண்மைதான். ஆனால் மரவேலைக்கு அது மட்டும் போதும் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

காரணம் இதுதான். அந்தக் குச்சி ஒரு வகை பிளாஸ்டிக். உருகி, ஆறி, மரத்தின் மேலேயே உட்கார்ந்துகொள்ளும். ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையோ மர நாருக்குள் ஊறி இறுகும். அதோடு, சூட்டில் உருகியது சூட்டிலேயே இளகும். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பத்துப் பன்னிரண்டு கி.மீ.தான். சித்திரை வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் மாடலை வைத்தால் போய்ச் சேருவதற்குள் கால் ஆட ஆரம்பித்துவிடும்!

அந்தக் காலத்து ஆசாரிமார் வஜ்ஜிரம் காய்ச்சி, சூடாகத்தான் பூசினார்கள். ஆனாலும் பசையை மட்டும் நம்பவில்லை. துளை போட்டு, மரத்துக்குள் மரம் கோத்து, ஆப்பு அடித்தார்கள். ஆடிப்பூரத்துக்கு ஆண்டாள் தேரை இழுக்கிறோமே, அவ்வளவு பெரிய தேர் வெறும் பசையிலா நிற்கிறது?

அதற்காக க்ளூ கன்னே வேண்டாம் என்று சொல்லவில்லை. என் யோசனைகள்:

1. சின்ன வேலைக்கு 7 மி.மீ. குச்சி போடும் 20 வாட் கன் போதும். கட்டைகளுக்கு 11 மி.மீ. குச்சி போடும் பெரியது நல்லது. மரம் சூட்டை இழுப்பதற்குள் பசை பரவும். கன்னுக்கு ஸ்டாண்டு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

2. இணைப்பில் வெள்ளைப் பசை தடவி, ஓரத்தில் மட்டும் க்ளூ கன்னால் இரண்டு பொட்டு வையுங்கள். வெள்ளைப் பசை காயும்வரை அது பிடித்துக்கொள்ளும். ஒரு நாள் அசைக்காதீர்கள்.

3. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். பெரிய கன்னின் மூக்கு 190 டிகிரி வரை போகும்! ஆறாம் வகுப்புத் தம்பி தங்கைகள் கையில் தனியாகக் கொடுக்க வேண்டாம். சுட்டுவிட்டால் பசையைப் பிய்க்கக் கூடாது. பேஸ்ட், இங்க் தடவாமல் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டிவிட்டு, உடனே டீச்சரிடம் சொல்லுங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். எவ்வளவு சீக்கிரம் செய்தான் என்று பார்க்காமல், இணைப்பு எவ்வளவு உறுதி என்று தொட்டுப் பார்த்து மதிப்பெண் போடுங்கள். அப்போதுதான் நாங்களும் ஒட்டுவதோடு நிற்காமல், கோக்கவும் கற்றுக்கொள்வோம்.