நல்ல எண்ணம் மட்டும் போதுமா?

"நல்ல நோக்கத்தோடு எடுத்திருக்கிறார்கள்." விமர்சனத்தில் இந்த வரி வந்தாலே கொஞ்சம் உஷாராகிவிட வேண்டும். படம் நன்றாக இல்லை என்பதை நாசூக்காகச் சொல்லும் வழி அது! நோக்கம் நல்லதாக இருந்தால் கலை அழகாகிவிடுமா? இதற்குப் பதில் தேட கோவைக்காரர்கள் ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை.

1942-ம் வருடம். சிங்காநல்லூர் சென்ட்ரல் ஸ்டூடியோ பரபரப்பாக இருந்த காலம். அடுத்த ஆண்டு வந்த 'சிவகவி' அங்கே எடுத்ததுதான். திரையில் பெரும்பாலும் புராணமும் பக்தியும் ராஜா ராணியும். அதே வருடம் அதே கொங்குச் சீமையிலிருந்து ஒரு சின்ன நாவல் வந்தது. தாராபுரம் பக்கம் கீரனூரைச் சேர்ந்த ஆர். சண்முகசுந்தரம் எழுதிய 'நாகம்மாள்'. அப்போது அவருக்கு வயது இருபதுகளின் நடுவில்தான். இன்று பலரும் அதைத் தமிழின் முதல் வட்டார நாவல் என்கிறார்கள்.

கதை எளிமையானது. நாகம்மாள் புருஷனை இழந்தவள். கைக்குழந்தையாக இல்லாவிட்டாலும் சின்னப் பெண் ஒருத்தி இருக்கிறாள். கொழுந்தன் சின்னப்பன் குடும்பத்தோடு ஒரே வீட்டில் வாழ்கிறாள். நிலத்தில் தன் பங்கைப் பிரித்துக் கொடு என்கிறாள். சொந்த லாபம் பார்ப்பவர்கள் தூபம் போடுகிறார்கள். கடைசியில் சின்னப்பன் உயிர் போகிறது.

இது எவ்வளவு சூடான விஷயம் என்று பாருங்கள். விதவைக்குக் கணவன் சொத்தில் வரம்புக்குட்பட்ட உரிமை தரும் சட்டம் 1937-ல் வந்தது. ஆனால் அது விவசாய நிலத்துக்குப் பொருந்தாது என்று 1941-ல் ஃபெடரல் கோர்ட் சொல்லிவிட்டது. காட்டையும் தோட்டத்தையும் நம்பி வாழ்ந்த பெண்களுக்கு அந்தச் சட்டத்தால் என்ன பிரயோஜனம்?

நல்ல நோக்கம் மட்டும் உள்ள எழுத்தாளர் இதை எப்படி எழுதியிருப்பார்? நாகம்மாள் பக்கம் பக்கமாக அழுவாள். கொழுந்தன் கொடுமைக்காரனாக இருப்பான். கடைசி அத்தியாயத்தில் ஒருவர் வந்து பிரசங்கம் செய்வார். வாசகனும் உச்சுக்கொட்டிவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுவான்.

சண்முகசுந்தரம் அதைச் செய்யவில்லை. சின்னப்பன் மண்ணில் பாடுபடுகிற மனுஷன். நாகம்மாள் பிடிவாதக்காரி, வாய்த்துடுக்கு உள்ளவள், ஊர்ப் பேச்சுக்கு அஞ்சாதவள். ஆனாலும் அவள் கேட்பதில் நியாயம் இல்லை என்று சொல்ல முடிகிறதா? தீர்ப்பு சொல்லாமல் எழுத்தாளர் ஒதுங்கிக்கொள்கிறார். பாரம் வாசகன் தலையில் இறங்குகிறது. நாவலின் அழகே அதில்தான் இருக்கிறது.

வரவை மட்டும் எழுதி, பற்றை மறைத்த பேரேடு எவ்வளவு முத்து முத்தான கையெழுத்தில் இருந்தாலும் பொய்க்கணக்குதான். கதையும் அப்படித்தான். தன் கட்சிக்கு எதிரான பதிவையும் எழுதி வைப்பதுதான் நேர்மை.

பேச்சு மொழியும் அதே நேர்மையில் வந்ததுதான். இன்றும் சினிமாவில் "ஏனுங்க" என்றால் பாதி நேரம் சிரிப்பதற்குத்தான். 'நாகம்மாள்' கதையில் கொங்குப் பேச்சு வேடிக்கை காட்ட வரவில்லை. அந்த ஜனங்கள் அப்படித்தான் பேசுவார்கள், அவ்வளவுதான்.

அப்படியென்றால் உண்மையை எழுதினாலே கலையாகிவிடுமா? ஆகாது. நடந்ததை நடந்தபடி எழுதினால் போலீஸ் ஸ்டேஷன் எஃப்.ஐ.ஆர்.கூட இலக்கியமாகிவிடும்! எதைச் சொல்வது, எங்கே நிறுத்துவது என்கிற கைத்திறன் வேண்டும். ஆனால் கைத்திறனைப் பயிற்சியில் பிடித்துவிடலாம். தனக்குப் பிடித்த முடிவை விட்டுக்கொடுக்கும் துணிச்சல்தான் கஷ்டம்.

அதற்கு விலையும் உண்டு. சண்முகசுந்தரத்தைப் பற்றி ஆய்வு நூல் எழுதியவர், அதே கொங்கு மண்ணின் பெருமாள்முருகன். 2010-ல் வெளியான அவருடைய 'மாதொருபாகன்' நாவலுக்கு உள்நோக்கம் கற்பித்து எதிர்ப்பு கிளம்பியது. 2015 ஜனவரியில் எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே அறிவித்தார். அவர் மறுபடி எழுத வேண்டும் என்று 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

எழுதியவனின் மனசுக்குள் புகுந்து நோக்கத்தை யாரும் அளக்க முடியாது. புத்தகத்துக்குள் எல்லா மனிதர்களுக்கும் நியாயமாகப் பேச இடம் கிடைத்ததா என்று மட்டும் பார்க்கலாம். அடுத்த முறை ஒரு படத்தையோ கதையையோ "நல்ல கருத்து" என்று பாராட்டும் முன் அந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்.