ஜீன்லயே இருக்காம்!

"வீரம் எங்க ஜீன்லயே இருக்கு தம்பி. அதனாலதான் நாங்க வெளியில பொண்ணு எடுக்கறதில்ல."

போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைப் பெரியவர் சொன்னது. முன்பெல்லாம் 'ரத்தத்துலயே இருக்கு' என்பார்கள். அதே சாதிப் பேச்சு இப்போது ஆய்வகக் கோட்டு மாட்டிக்கொண்டு வருகிறது. விலங்கியல் படிக்கிற பையன் ஒருவன் அதற்குத் தலையாட்டியதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அவர் இலையில் ஒதுக்கி வைத்திருந்த கறிவேப்பிலையிலிருந்தே ஆரம்பிக்கலாம். அந்தச் செடியில் முட்டையிடும் பட்டாம்பூச்சிக்குக் கறிவேப்பிலை அழகி என்று பெயர். ஆண்கள் எல்லாம் ஒரே சாயல்: கறுப்பு, பின்னிறகில் வெள்ளைப் பட்டை. பெண்களில் மூன்று ரகம். ஒன்று ஆணைப் போலவே இருக்கும். மற்ற இரண்டும் சிவப்பு தீற்றிக்கொண்டு, ரோஜா அழகி, சிவப்புடல் அழகி என்ற வேறு இரண்டு இனங்களின் வேஷம் கட்டியவை. அந்த இனங்கள் புழுவாக இருக்கும்போதே ஆடுதின்னாப்பாளை வகைச் செடிகளைத் தின்று நஞ்சேறியவை; பறவைகள் ஒதுங்கிப் போகும். நம்ம அழகியிடம் நஞ்சு கிடையாது, உடுப்பு மட்டும்தான். (வேஷக்காரர் கூட்டம் பெருத்துவிட்டால் பறவைகளும் பயப்படாது. வீரப் பரம்பரைக்காரர்கள் கவனிக்க.)

இவ்வளவு நுணுக்கமான வேஷத்துக்கு, அடுத்தடுத்து ஒட்டியிருக்கும் பல ஜீன்கள் வேண்டும் என்றே ரொம்ப காலம் நினைத்தார்கள். 2014இல் கிருஷ்ணமேக் குண்டேயும் சக ஆய்வாளர்களும் நேச்சர் இதழில் ஒரே ஒரு ஜீனைக் காட்டினார்கள். பெயர் டபுள்செக்ஸ். பூச்சிகளில் உடலை ஆணாகவோ பெண்ணாகவோ வளர்த்தெடுப்பது அதன் வழக்கமான வேலை. வேஷத்துக்கான வடிவம் ஆணிடமும் இருக்கலாம். மகளுக்கும் கொடுப்பான். ஆனால் அவன் இறகில் ஒரு சிவப்புப் புள்ளிகூட அதனால் வராது. 'ஜீன்லயே இருக்கு' என்றால் இவனிடமும்தான் இருக்கிறது!

இன்னொன்று. 2016இல் இறகின் கறுப்புக்குக் காரணம் 'கார்டெக்ஸ்' என்ற ஜீன் என்று செய்தி பறந்தது. நானும் நம்பிப் பத்துப் பேருக்குச் சொன்னேன். 2024இல் வந்த ஆய்வுகளோ அதன் பக்கத்தில் இருக்கும் 'ஐவரி'யைக் கைகாட்டின. அது புரதம் எதையும் உண்டாக்காத ஓர் ஆர்.என்.ஏ. இத்தனை நாளும் பக்கத்து வீட்டுக்காரனைப் பிடித்து வைத்திருந்திருக்கிறோம்.

ஒரு இறகின் கறுப்புக்கே எட்டு வருஷத்தில் முகவரி மாறியது. பெரியவரோ பாயசம் வருவதற்குள் வீரத்துக்கு முகவரி சொல்லி, அதைச் சாக்காக வைத்து ஊர்ப் பெண்களின் கல்யாணத்தையும் முடிவுசெய்துவிட்டார். தம்பி, விலங்கியல் படிக்கிற நீயாவது கேட்டிருக்கலாம்: எந்த ஜீன் மாமா?