கடைத்தெருவுக்குப் புதுப்பெயர் யாருக்காக?

"மத்திய வணிக மாவட்டம்" என்று ஒரு புதிய சொல் நம் காதில் விழத் தொடங்கியிருக்கிறது. நகரத் திட்டம் பற்றிய அறிக்கைகளிலும், மனை விற்பவர்களின் விளம்பர நோட்டீசுகளிலும், கல்லூரிப் பிள்ளைகளின் பூகோளப் பாடத்திலும் இது தலைகாட்டுகிறது. இங்கிலீஷ் படித்தவர்கள் சுருக்கமாக 'சி.பி.டி.' என்கிறார்கள்.

மாவட்டம் என்றால் நமக்குத் தெரியும். 1993 செப்டம்பரில் தென்னாற்காட்டிலிருந்து பிரிந்து விழுப்புரம் தனி மாவட்டம் ஆயிற்று. 2019-ல் அதிலிருந்து கள்ளக்குறிச்சி பிரிந்தது. கலெக்டரும் தாலுகாவும் இல்லாத இந்தப் புது மாவட்டம் எங்கே இருக்கிறது? தேடிப் பார்த்தால், அது விழுப்புரத்தின் எம்.ஜி. ரோடும் நேருஜி ரோடும் பழைய பஸ் நிலையமும்தான்! திண்டிவனத்தின் நேரு வீதிதான்! நம் ஜனங்கள் தலைமுறை தலைமுறையாகக் 'கடைத்தெரு' என்று சொல்லி வரும் அதே இடம்தான்!

"பெயரில் என்ன இருக்கிறது? எப்படி அழைத்தால் என்ன?" என்று சில நண்பர்கள் கேட்கலாம். பெயரில் நிறைய இருக்கிறது என்பதே நமது பதில். ஓர் ஊரின் நடுவிடத்துக்குப் பெயர் வைப்பவன், அந்த இடத்தில் யார் இருக்கலாம், யார் இருக்கக்கூடாது என்றும் சேர்த்தே சொல்கிறான். இதை உலகத்தின் அனுபவத்திலிருந்தே பார்ப்போம்.

நாட்டுக்கு நாடு ஒரு பெயர்

லண்டனில் அந்த இடத்துக்குப் பெயர் வெறும் 'சிட்டி'. ஏறத்தாழ ஒரு சதுர மைல் பரப்பு. 2021 கணக்கெடுப்பின்போது அங்கே குடியிருந்தவர்கள் பத்தாயிரத்துக்கும் குறைவு. வேலைக்கு வந்து போகிறவர்களோ ஐந்து லட்சத்துக்கும் மேல். இந்தச் சிட்டியை ஆளும் கார்ப்பரேஷனில் இன்றைக்கும் கம்பெனிகளுக்கு ஓட்டு உண்டு! பிரிட்டனின் மற்ற உள்ளாட்சிகளில் 1969-ம் ஆண்டோடு ஒழிந்துபோன வியாபார ஓட்டு, பணமூட்டைகளின் அந்தச் சதுர மைலில் மட்டும் ஒழியவில்லை. 2002-ல் தனிச் சட்டம் போட்டு அதை விரிவாக்கவே செய்தார்கள். ஜனநாயகத்தின் தாய்வீடு என்று நமக்குப் பாடம் சொல்லித் தந்த நாட்டின் யோக்கியதை இது.

அமெரிக்காவில் 'டவுன்டவுன்' என்பார்கள். நியூயார்க்கில் மன்ஹாட்டன் தீவின் தென்கோடியில் இருந்த பழைய ஊரைக் கீழூர் என்ற பொருளில் அழைத்த சொல், மற்ற நகரங்களுக்கும் பரவியது. சிகாகோவில் அதே இடம் 'லூப்'. 1949-ல் வீட்டுவசதிச் சட்டம் வந்தபின், டவுன்டவுனைப் புதுப்பிக்கிறோம் என்ற பெயரில் நகரம் நகரமாக இடித்தார்கள். இடிபட்ட வீடுகளில் பெரும்பங்கு ஏழைகளுடையவை. அதிலும் கறுப்பு மக்களுடையவை.

ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் 'சி.பி.டி.' என்பது அன்றாடப் பேச்சு. கேப்டவுனில் அந்த வணிகப் பகுதியை ஒட்டியே 'டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ்' என்ற உழைப்பாளர் பேட்டை இருந்தது. 1966 பிப்ரவரியில் நிறவெறி சர்க்கார் அதை வெள்ளையருக்கு மட்டும் உரிய பகுதி என்று அறிவித்தது. அடுத்த ஆண்டுகளில் அறுபதாயிரம் பேரைத் துரத்திவிட்டுப் புல்டோசரை ஏவியது.

கடல் கடந்து போவானேன்? கொழும்பில் வெள்ளைக்காரன் இருந்த இடம் 'கோட்டை'. கடையும் சுமையும் கூலியாட்களும் இருந்த இடம் 'புறக்கோட்டை'. ஆங்கிலத்தில் அதைப் 'பெட்டா' என்கிறார்கள். நம்முடைய 'பேட்டை'தான் அது. சென்னையில் கோட்டைக்குள் இருந்தது வெள்ளையர் பட்டணம். வெளியே வியாபாரமும் உழைப்பும் நடந்த இடம் கறுப்பர் பட்டணம். 1911-ல் ஜார்ஜ் மன்னர் பெயரால் அதை 'ஜார்ஜ் டவுன்' என்று மாற்றினார்கள். விழுப்புரத்திலிருந்து ஒரு மணி நேரத்தில் போய்ச் சேரும் புதுச்சேரியிலும், வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர் நகரம், மேற்கே கறுப்பர் நகரம். பிரெஞ்சுக்காரன் 1954-ல் போய்விட்டான். 'ஒயிட் டவுன்' என்ற பெயர் மட்டும் ஓட்டல் போர்டுகளில் வெட்கமில்லாமல் தொங்குகிறது!

ஆக, பெயர் பலவானாலும் விஷயம் ஒன்று. நடுவிடம் பணம் உள்ளவனுக்கு, உழைப்பவன் ஓரத்துக்கு.

ஏங்கெல்ஸ் கண்ட மான்செஸ்டர்

இந்த உண்மையை 1845-லேயே ஏங்கெல்ஸ் தமது இங்கிலாந்துத் தொழிலாளர் நிலை பற்றிய நூலில் எழுதிவிட்டார். மான்செஸ்டரின் நடுவில் அரைமைல் நீளம், அரைமைல் அகலத்துக்கு ஆபீசுகளும் கிடங்குகளுமே இருந்தன. இரவில் காவற்காரனும் போலீசும் தவிர அங்கே ஆளில்லை. அதைச் சுற்றித் தொழிலாளர் குடியிருப்புகள். அதற்கும் அப்பால் முதலாளிகளின் மாளிகைகள். பெரிய சாலைகளின் இருபுறமும் வரிசையாகக் கடைகள். மாளிகையிலிருந்து ஆபீசுக்குப் போகும் கனவான், அந்தக் கடைகளுக்குப் பின்னால் இருக்கும் நரகத்தைக் கண்ணால் காணாமலே போய்வர முடிந்தது.

1872-ல் அவரே மீண்டும் எழுதினார்: நகர நடுவில் உள்ள ஏழைகளின் தெருக்களைச் சுகாதாரம், அழகு, போக்குவரத்து என்று காரணம் காட்டி முதலாளித்துவம் இடிக்கிறது, இடித்த அழுக்கு ஒழிவதில்லை, வேறோர் இடத்தில் முளைக்கிறது. பாரிசில் ஹௌஸ்மான் செய்ததைக் கண்டு அவர் எழுதியது இது. இன்று 'அழகுபடுத்தும் திட்டம்' என்று எந்த ஊரில் போர்டு வைத்தாலும் இந்த வரலாற்றை நினைவில் வைக்க வேண்டும்.

கணக்கில் வராதவர்கள்

இந்த 'மத்திய வணிகப் பகுதி' எது என்று அளந்து காட்டும் முறையை 1954-ல் மர்ஃபி, வான்ஸ் என்ற இரண்டு அமெரிக்கப் பூகோள அறிஞர்கள் வகுத்தார்கள். ஒன்பது அமெரிக்க நகரங்களை எடுத்துக்கொண்டு, கட்டடங்களின் தளப்பரப்பைக் கணக்கிட்டார்கள். சில்லறைக் கடை சேரும், பாங்கு சேரும், கம்பெனி ஆபீசு சேரும். குடியிருப்பு சேராது, பள்ளிக்கூடம் சேராது, தொழிற்சாலை சேராது, மொத்த வியாபார மண்டியும் சேராது. தளப்பரப்பே இல்லாமல் தரையில் கோணி விரித்து உட்கார்ந்திருப்பவள் எப்படிச் சேருவாள்? அவர்கள் தங்கள் ஊரை அளந்தார்கள். அது அவர்கள் பாடு. அந்த அளவுகோலை நம் ஊருக்குக் கொண்டுவந்து வைத்தால், கூடைக்காரி கணக்கிலேயே வரமாட்டாள். கணக்கில் வராதவளை நாளை அப்புறப்படுத்தும்போது, 'ஆக்கிரமிப்பு' என்ற ஒரே சொல் போதும்!

நம் மரபு இதுவல்ல. புகாரின் இரு பாகங்களுக்கும் நடுவில் நாளங்காடி இருந்ததைச் சிலம்பு சொல்கிறது. மருவூர்ப்பாக்கத்தை வருணிக்க வந்த இளங்கோ, பொன்னும் பட்டும் விற்றவரை மட்டுமா சொன்னார்? பிட்டு விற்றவர், அப்பம் விற்றவர், மீன் விற்றவர், உப்பு விற்றவர் எல்லோரையும் கணக்கில் எடுத்தார். அரண்மனை கண்ட இளங்கோவுக்குத் தெரிந்த கணக்கு, இன்றைய திட்ட அதிகாரிகளுக்குத் தெரியவில்லை என்றால் என்ன சொல்வது?

நம் கடைத்தெருவை உண்டாக்கியவர்கள் யார்?

விழுப்புரத்தை ஊராக்கியது ரயில். 1879-ல் புதுச்சேரிக்குப் பாதை பிறந்தது. சென்னை, திருச்சி, மாயவரம், காட்பாடி, புதுச்சேரி என்று ஐந்து திசைக்கும் இன்று ரயில் போகிறது. திண்டிவனத்தை வளர்த்தது சாலைச் சந்திப்பும் மல்லாட்டையும். டி.எம்.வி. என்று விவசாயிகள் அறிந்த மல்லாட்டை ரகங்களின் பெயரே திண்டிவனத்தின் சுருக்கம்தான். மல்லாட்டையை விளைவித்தவன் விவசாயி. மூட்டை தூக்கியவன் சுமைப்பணித் தொழிலாளி. மரக்காணத்து உப்பையும் மீனையும் கொண்டுவந்தவர்கள் உழைப்பாளிகள். வளவனூரிலிருந்தும் கோலியனூரிலிருந்தும் விடியுமுன் கீரைக்கட்டோடு பஸ் ஏறி வருகிறவர்கள் நம் தாய்மார்கள். கடைத்தெரு எந்தப் பொறியாளரும் கோடு போட்டுப் பிறந்ததல்ல. வாங்குபவரும் விற்பவரும் வந்து கூடியதால் பிறந்தது. விழுப்புரத்தில் புதிய பஸ் நிலையம் கட்டிப் பல ஆண்டுகள் ஆகியும் பழைய பஸ் நிலையப் பக்கம் கூட்டம் குறையவில்லையே, ஏன்? உத்தரவு போட்டால் கட்டடம் இடம் மாறும். சந்தை அவ்வளவு எளிதில் மாறாது.

அதற்காக, பழைய கடைத்தெரு சொர்க்கமாக இருந்தது என்று நாம் சொல்லவரவில்லை. 1978 ஜூலையில் விழுப்புரம் நகரில் கடைவீதியை ஒட்டி மூண்ட கலவரத்தில் 12 தலித் மக்கள் கொல்லப்பட்டார்கள். ஊரின் நடுவிடத்துக்கு அருகிலேயே வாழ்ந்து, அதற்காகவே உழைத்தவர்களுக்கு அந்த நடுவிடம் பாதுகாப்பாக இருக்கவில்லை. இந்த ரத்தக்கறையை மறைத்துக் கடைத்தெருவின் பெருமை பாடுவது அயோக்கியத்தனம். கடைத்தெரு எல்லோருக்கும் சொந்தம் என்ற கோஷத்தில், 'எல்லோருக்கும்' என்ற சொல்லுக்கு உயிர் கொடுக்க வேண்டியது நம் கடமை.

நெரிசல் என்னும் கூப்பாடு

"பிளாட்பாரக் கடைகளால் நெரிசல், ஆம்புலன்ஸ் போக வழியில்லை, ஒழுங்கு வேண்டாமா?" என்று கேட்கிறார்கள். ஒழுங்கு வேண்டும். நடப்பவருக்கு நடைபாதை வேண்டும், ஆம்புலன்சுக்கு வழி வேண்டும் என்பதை நாமும்தான் சொல்கிறோம். ஆனால் நாலடி இடத்தில் கூடை வைத்திருப்பவளா நெரிசலுக்குக் காரணம்? வண்டி நிறுத்த இடமே விடாமல் மாடிமேல் மாடி கட்டியவர் காரணமில்லையா? பட்டப்பகலில் நடுத்தெருவில் நின்று சரக்கு இறக்கும் லாரி காரணமில்லையா? ஒரு ஆள் ஏறிவந்து தெருவை அடைத்து நிற்கும் கார் காரணமில்லையா? இவற்றையெல்லாம் விட்டுவிட்டு, போலீஸ் வண்டியில் முதலில் ஏறுவது தள்ளுவண்டியும் தராசுமாக இருப்பதேன்?

சிறு கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் விரோதி வாசலில் உட்கார்ந்திருக்கும் பூக்காரி அல்ல. பல பொருள் சில்லறை வியாபாரத்தில் 51 சதவீதம் அந்நிய மூலதனத்துக்கு 2012 செப்டம்பரில் மத்திய அரசு கதவு திறந்ததே, அதை எதிர்த்து நீங்களும் கடையடைத்தீர்கள். 2018-ல் அமெரிக்க வால்மார்ட், பிளிப்கார்ட்டையே விலைக்கு வாங்கியது. உங்கள் வாடிக்கையைக் கொண்டுபோகிறவன் அவன். நடுவிடத்தின் மனைவிலை ஏற ஏற, வாடகை கொடுக்க முடியாமல் வெளியேறப் போகிறவர்களில் நீங்களும் உண்டு. இன்று பிளாட்பாரம் காலியானால், நாளை பத்தடிக் கடை காலியாகும்.

சட்டம் என்ன சொல்கிறது?

தெருவில் வியாபாரம் செய்வதும் அரசியல் சட்டம் தந்த தொழில் உரிமையில் அடங்கும். அதற்குக் கட்டுப்பாடு விதிக்கலாம், அடியோடு மறுக்க முடியாது என்று டெல்லி வியாபாரிகளின் வழக்கில் 1989-ல் சுப்ரீம் கோர்ட் கூறியது. நாடெங்கும் தெரு வியாபாரிகள் போராடியதன் பலனாக 2014-ல் தெரு வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சர்வே எடுத்துச் சான்றிதழ் கொடுத்து முடிக்கும்வரை எவரையும் அப்புறப்படுத்தக்கூடாது என்கிறது அந்தச் சட்டம். ஜனங்கள் வழக்கமாகக் கூடும் இயல்பான சந்தை என்று சர்வேயில் கண்ட இடத்தை, வியாபாரம் தடை செய்த பகுதியாக அறிவிக்கக்கூடாது என்கிறது. ஊர் ஜனத்தொகையில் இரண்டரை சதவீதம் என்ற அளவுவரை வியாபாரிகளுக்கு இடம் தரவேண்டும் என்கிறது. 2011 கணக்குப்படியே விழுப்புரம் நகரில் சுமார் 96,000 பேர். அப்படியானால் 2,400 பேருக்கு இடம். திண்டிவனத்தில் 72,000-க்கும் மேல். 1,800 பேருக்கு இடம். கோடு போட்ட இடம் எங்கே? நிழற்கூரை எங்கே? பெண்களுக்குக் கக்கூஸ் எங்கே?

கடன் கொடுக்கிறோம் என்கிறார்கள். 2020 ஜூனில் தொடங்கிய ஸ்வநிதி திட்டத்தில் முதல் கடனாகப் பத்தாயிரம் ரூபாய் என்றார்கள். வாங்கிய கடனில் சரக்குப் போட்டு உட்கார இடமில்லாவிட்டால், அந்தக் கடனைக் கட்டத் தண்டல்காரனிடம் அல்லவா கைநீட்ட வேண்டும்? இடமில்லாத கடன், நிலமில்லாத ஏர்.

ஆகவே, நாம் கோருவது இது:

நகராட்சிக்கு நகராட்சி வியாபாரக் குழு முறையாக இயங்க வேண்டும். சட்டம் சொல்வதுபோல் அதில் ஐந்தில் இரண்டு பங்கு இடம் வியாபாரிகளே தேர்ந்தெடுத்தவர்களுக்கு. அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு.

சர்வே முடியாத இடத்தில் ஒருவரையும் அப்புறப்படுத்தக்கூடாது. கூடை சுமந்து கிராமத்திலிருந்து வருகிறவர்களும் கணக்கில் வரவேண்டும். சான்றிதழ் வாங்க வேண்டும்.

இருக்கும் கடைத்தெருக்களை வியாபாரப் பகுதி என்று எழுத்தில் அறிவிக்க வேண்டும். தண்ணீர், கழிப்பிடம், விளக்கு, நிழல் ஆகியவை தரவேண்டும்.

நகரத் திட்டம் எதுவாயினும் தமிழில் அச்சிட்டு, வார்டு வார்டாகப் படித்துக் காட்டி, ஜனங்களின் கருத்தைக் கேட்ட பிறகே முடிவு செய்ய வேண்டும்.

தோழர்களே! பெயர் மாற்றத்தை எதிர்ப்பது மட்டும் நம் வேலையல்ல. கடைத்தெருவுக்குச் சென்று, கடை கடையாக, கூடை கூடையாகக் கணக்கெடுங்கள். சங்கத்தில் சேருங்கள். அதிகாரிகள் கொண்டுவரும் வரைபடத்துக்கு எதிரே நம் ஜனங்களின் பெயர்ப் பட்டியலை வையுங்கள். எந்தப் பெயரை வேண்டுமானாலும் அவர்கள் காகிதத்தில் எழுதிக்கொள்ளட்டும். உழைக்கும் மக்கள் ஒன்றுபட்டு நின்றால், கடைத்தெரு கடைத்தெருவாகவே இருக்கும்!