கையளவில் ஒரு தீவு

உலகத்தைச் சிறிதாக்கிப் பார்க்கும் ஆசை மனிதனோடு கூடப் பிறந்தது. மணலிலே வீடு கட்டிச் சிரட்டையிலே சோறு சமைக்கும் குழந்தையும், நுங்குக் கோம்பைகளைப் பூட்டி வண்டியாக்கி உருட்டும் சிறுவனும் அவ்வாசையின் வழிநின்றே விளையாடுகின்றனர். அந்த ஆசை முதிர்ந்து கலையாகும்போது மேனாட்டார் அதனை 'டயோராமா' என்பர். நாம் அதனைச் சிற்றுருக் காட்சி என வழங்கலாம். ஓரிடத்தை, அதன் வீடு, மரம், வேலி, ஒளி என்பவற்றோடு, குறித்த ஓர் அளவிற் சுருக்கி மேசைமேல் அமைத்துக் காட்டுவதே இக்கலையாகும்.

டயோராமா என்னும் பெயர் 1822ஆம் ஆண்டிற் பாரிஸ் நகரில் வழக்குக்கு வந்தது. தாகேர் என்பவரும் பூத்தோன் என்பவரும் அங்கே ஒரு காட்சிச் சாலையைத் திறந்தனர். ஒளி ஊடுருவும் பெருந்திரையில் வரைந்த ஓவியத்தின்மேல் வெயிலை முன்னும் பின்னுமாக மாற்றிப் பாய்ச்ச, ஒரே காட்சி பகலாகவும் இரவாகவும் மாறித் தோன்றிற்று. 1839ஆம் ஆண்டில் அச்சாலை தீக்கிரையாயிற்று. அதே ஆண்டிலேதான் அதே தாகேர் கண்டறிந்த புகைப்பட முறையும் உலகறிய வெளியாயிற்று. சிற்றுருக் காட்சிக்கும் புகைப்படத்துக்கும் உள்ள உறவு அவ்வளவு பழையது.

அவ்வுறவு இன்று கணினியின் துணையால் மேலும் நெருங்கியுள்ளது. 2014ஆம் ஆண்டில் வெளிவந்த 'லூமினோ சிற்றி' என்னும் கணினி விளையாட்டை லண்டனைச் சேர்ந்த கலைஞர்கள் ஆக்கினர். அதில் வரும் நகரம் முழுவதையும் அவர்கள் கடதாசி, மட்டை, சிறு விளக்குகள், சிறு மோட்டார்கள் முதலியவற்றால் ஏறக்குறைய பத்தடி உயரத்துக்குக் கட்டிப் படம் பிடித்தே கணினியில் ஏற்றினர். 2024இல் வெளிவந்த 'ஹரோல்ட் ஹாலிபட்' என்னும் விளையாட்டுக்காக ஜெர்மனியின் கொலோன் நகரத்துக் குழுவொன்று பத்தாண்டுக்கு மேல் உழைத்தது. பொம்மைகளையும் அறைகளையும் கையாற் செய்து, அவற்றைப் பல கோணங்களிற் படமெடுத்துக் கணினியுருவாக மாற்றினர். எல்லாவற்றையும் கணினியே வரைந்து தரும் காலத்தில் இவர்கள் ஏன் மட்டையையும் பசையையும் நாடினர்? கைபட்ட பொருளுக்கு ஓர் உயிர்ப்பு உண்டு. விளிம்பின் கோணலும் வண்ணத்தின் திட்டும் அதற்கு அழகு செய்கின்றன.

இவற்றால் நமக்கு ஆவதென்ன என்று வாசகர் வினவலாம். நம் தீவகத்தை எண்ணிப் பார்ப்போமாக. ஒல்லாந்தர் தம் நாட்டு நகரங்களின் பெயர்களை நம் தீவுகளுக்கு இட்டனர். நெடுந்தீவு டெல்வ்ற் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. ஊர்காவற்றுறை அமைந்த தீவு லைடன் ஆயிற்று. பெயரை மாற்றியவர்கள் போயினர், ஊர் நின்றது. ஆனால் 1990ஆம் ஆண்டிலும் அதனையடுத்தும் நேர்ந்த இடப்பெயர்வு அவ்வாறு கடந்து போகவில்லை. தீவக மக்களிற் பெரும்பகுதியினர் வீடுவாசலை விட்டு நீங்கினர். யாழ்ப்பாணம், கொழும்பு, லண்டன், ரொறன்ரோ என்று அவர்கள் பரந்து வாழ்கின்றனர். அவர்தம் பேரப்பிள்ளைகளுக்கு ஊர் என்பது ஒரு பெயர் மாத்திரமே.

சில சொற்களைக் கொடுத்தால் நொடியிற் படம் வரைந்து தரும் கணினி முறைகளும் இன்று உள்ளன. அவை தாம் கற்ற படங்களைக் கொண்டே வரைவன. நம் ஊர்ப் படங்கள் அவற்றுக்குக் கிடைத்தவை மிகச் சில. ஆதலின் பனை நிற்கவேண்டிய இடத்திற் தென்னை நிற்கலாம். கல்மதில் ஓடவேண்டிய இடத்தில் மரவேலி ஓடலாம். பார்க்கும் பிள்ளைக்கோ பிழை தெரியாது. பிழையான படமே அதன் ஊராகிவிடும். இதனை நினைக்கும்போது, தீவகத்தின் ஒரு மூலையையேனும் நம் கையால் அளந்து கட்டிவைப்பது வெறும் பொழுதுபோக்கன்று என்பது விளங்கும்.

நெடுந்தீவின் ஓர் ஒழுங்கையை எடுத்துக்கொள்வோம். இருமருங்கும் சாந்தில்லாமல் அடுக்கிய பவளக்கல் மதில், உள்ளே பனையோலை வேய்ந்த ஒரு வீடு, ஒரு கிணறு, தூரத்தே சில பனைகள், வெளியிலே மேயும் இரு மட்டக் குதிரைகள். இவ்வளவே போதும். எல்லாவற்றையும் காட்ட முயல்பவன் ஒன்றையும் காட்டமாட்டான்.

முதல் வேலை அளவைத் தீர்மானித்தல். ஓர் அடியை அரை அங்குலமாகக் கொள்வது மாணவர்க்கு எளிது. நாலடி மதில் இரண்டு அங்குலமாகும்; ஆறடிக் கதவு மூன்று அங்குலமாகும். ஆனால் அறுபதடிப் பனை முப்பது அங்குலமாகி மேசைக்கு மேலே நின்று வீட்டை விழுங்கிவிடும். இதற்கு ஓர் உபாயம் உண்டு. பின்னால் நிற்கும் பனைகளை அடிக்குக் கால் அங்குலமாகச் செய்க. பதினைந்து அங்குலப் பனை, முன்னிருந்து பார்ப்பவனுக்குத் தூரத்துப் பெரும்பனையாகவே தோன்றும்.

அடுத்தது பொருள். மதிலுக்குப் பவளக்கல்லே வேண்டுமென்று கடலிற் சென்று உடைத்தல் ஆகாது. அது சட்டத்துக்கு மாறு. உயிருள்ள பவளத்துக்கும் கேடு. வகுப்பறையில் எஞ்சிய வெண்கட்டித் துண்டுகளை உடைத்து, ஊசியால் துளைகள் இட்டு, தேயிலைச் சாயத்திற் தோய்த்தெடுத்தால் பழுத்த கல்லின் நிறம் வந்துவிடும். கூரைக்குக் காய்ந்த பனையோலையையே மெல்லிய கீற்றாகக் கிழித்துக் கீழிருந்து மேலாக வேயலாம். வளைமரத்துக்கும் கைமரத்துக்கும் ஈர்க்கு உதவும். குதிரையையும் வள்ளத்தையும் முள்முருக்கங் கட்டையிற் செதுக்கலாம். கத்திக்கு இணங்கும் மரம் அது. கடற்கரை மணலைச் சீலையில் அரித்து நுண்மணலையே தூவுக. பருமணல் இச்சிறு உலகிற் பாறாங்கல்லாகிவிடும்.

மூன்றாவது ஒளி. ஊருக்குச் சூரியன் ஒன்றே. ஆதலின் விளக்கும் ஒன்றே இருத்தல் வேண்டும். அதனைத் தொலைவில் வைத்தால் நிழல்கள் ஒரே திசையில் விழும். அருகில் வைத்தால் விரிந்து சென்று பொய்யைக் காட்டிக் கொடுத்துவிடும். நிழற்பக்கம் மிக இருண்டால் மறுபுறம் ஒரு வெள்ளைத் தாளைப் பிடிப்பது போதும்.

நான்காவது படமெடுத்தல். கைப்பேசியே இதற்குப் போதியது. பலரும் மேலிருந்து எடுப்பர். அப்போது பொம்மை பொம்மையாகவே தெரியும். ஐந்தடி உயரத்தில் மனிதன் கண் உள்ளது எனின், நம் அளவில் அது இரண்டரை அங்குலம். அந்த உயரத்திற் கருவியைத் தாழ்த்தி ஒழுங்கைக்குள் பார்க்கச் செய்க. பார்ப்பவன் ஊருக்குள் இறங்கிவிடுவான். கிட்ட நின்று எடுக்கும்போது முன்பகுதி தெளிந்தும் பின்பகுதி மங்கியும் போவதுண்டு. கருவியை அசைக்காமல், முன்னும் நடுவும் பின்னுமாகத் தெளிவை மாற்றிச் சில படங்கள் எடுத்துக் கணினியில் இணைத்தால் அக்குறை நீங்கும்.

படமாக அன்றி, சுற்றி நடந்து பார்க்கும் உருவாகவே கணினியில் ஏற்ற விரும்புவோர், காட்சியைச் சுற்றிச் சுற்றி எண்பது, நூறு படங்கள் எடுத்தல் வேண்டும். ஒவ்வொரு படத்திலும் முந்திய படத்தின் பாதிக்கு மேற்பட்ட பகுதி அடங்க வேண்டும். இடையில் ஒளி மாறலாகாது. ஒரே கல் பல படங்களில் எங்கெங்கே தோன்றுகிறது என்று கணினி ஒப்பிட்டு, நில அளவையாளர் கோணங்கொண்டு தூரம் காண்பதுபோல, அதன் இடத்தைக் கணிக்கிறது. மினுங்கும் பொருள் இம்முறைக்கு எளிதில் வசப்படாது. மினுக்கம் பார்க்குமிடத்துக்கு ஏற்ப இடம் மாறுவதே காரணம். ஆகவே தீவை ஏற்றலாம். தீவைச் சூழ்ந்த கடலை ஏற்ற முடியாது. கடலைக் கணினியிலேயே பின்னர் வரைந்து சேர்க்க வேண்டும்.

இவை அனைத்தினும் பெரியது ஒன்று உண்டு. நம் மாணவர் ஒருவர் இத்தகைய மதிலொன்றை மிக நேர்த்தியாகச் செய்து தம் அம்மம்மாவிடம் காட்டினார். நெடுந்தீவில் வாழ்ந்து முதிர்ந்த அந்த அம்மையார் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "எங்கட மதில் இப்பிடி நேரா நிக்காது மோனை. அடியிலை அகலமா வைச்சு மேலை ஒடுக்கிக்கொண்டு போறது. எல்லாத்தையும் ஒரே அளவுக் கல்லா வைச்சால் விழுந்துபோம்" என்றாராம். பின்னர் கிணறு எந்தப் பக்கம், அடுக்களை எந்தப் பக்கம், ஆடு கட்டியது எங்கே என்று அவர் சொல்லத் தொடங்கினார். முப்பது ஆண்டுகளாக ஒருவரும் கேளாத செய்திகள் அவை. மாணவர் மதிலைக் கலைத்துவிட்டு மீண்டும் அடுக்கினார்.

கையாற் செய்வதன் பயன் இங்கேதான் தெளிவாகிறது. வாயினாற் கதை சொல்லும்போது "ஒரு மதில் இருந்தது" என்று கூறி அப்பாற் செல்லலாம். மதிலைக் கட்ட முற்படுபவனோ அதன் உயரம், அகலம், வாசல் எல்லாவற்றையும் கேட்டே ஆகவேண்டும். கேள்வி பிறந்தால்தான் முதியோர் நெஞ்சில் உறங்கும் விடையும் எழும். அவ்விடை சொல்லக்கூடியவர்கள் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். கணினிக் கருவி அடுத்த ஆண்டு இதனினும் சிறந்ததாக வரும். அம்மம்மா அவ்வாறு வரமாட்டார்.

ஆதலின் விடுமுறையில் வீட்டிலிருக்கும் மாணவர்களுக்கு நாம் சொல்வது இதுவே. முதலில் ஒரு கொப்பியும் பென்சிலும் எடுத்து, வீட்டு முதியவரின் பக்கத்தில் அமருங்கள். அவர் பிறந்த வளவைத் தரையிற் கோடு கீறிக் காட்டச் சொல்லுங்கள். அடிக்கணக்கைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் இருப்போர் தொலைபேசியிற் கேட்கலாம். வெண்கட்டியும் ஓலையும் அதற்குப் பிறகு தேடினாற் போதும். பசையும் வண்ணமும் கடையில் என்றும் கிடைக்கும். அந்த அளவுகள் எந்தக் கடையிலும் கிடைக்கமாட்டா.